வௌவாலிடம் வைரஸ் மட்டும்தானா?

கேள்வி: வௌவால் என்றாலே வைரஸ் என்கிறார்களே, பாக்டீரியா எதுவும் அதனிடம் கிடையாதா?

பதில்: உண்டு. நிபாவும் வெறிநோயும் செய்தியை நிரப்பிவிடுவதால், பாக்டீரியாவை யாரும் கண்டுகொள்வதில்லை.

நல்ல உதாரணம் பார்டோனெல்லா. தென்மேற்கு நைஜீரியாவில் ஆண்டுக்கு இருமுறை வௌவால் திருவிழா நடக்கிறது. ஊர்க்காரர்கள் குகைக்குள் புகுந்து பழந்தின்னி வௌவால்களைப் பிடித்துச் சமைப்பார்கள், விற்பார்கள். அந்த வௌவால்களிலும், அவற்றின் ரோமத்துக்குள் ஊர்ந்து ரத்தம் குடிக்கும் சிற்றீக்களிலும் புதிய பார்டோனெல்லா வகை ஒன்று இருந்தது. சுற்றுவட்டார மக்கள் 204 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 8 பேரிடம் அதற்கான எதிர்ப்புப் பொருள் தென்பட்டது. முடிவுகள் 2018-இல் வெளியாயின. எட்டு பேரும் நோயில் படுத்தார்கள் என்று இதற்குப் பொருளல்ல. கிருமி மனிதரைத் தொட்டிருக்கக்கூடும் என்பதற்கான தடயம், அவ்வளவே.

இன்னொன்று கொஞ்சம் துப்பறியும் கதை. அமெரிக்காவில் ஒரு நோயாளியின் பழுதான இதய வால்விலிருந்து அறிமுகமில்லாத பார்டோனெல்லா கிடைத்தது. எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே இனம் பின்லாந்து வௌவால்களின் ரத்தத்தில் சிக்கியது!

எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைராவும் பல நாட்டு வௌவால்களின் சிறுநீரகத்தில் கண்டறியப்பட்டுள்ளது. ஆனாலும் மனிதருக்கு அது பெரும்பாலும் எலியிடமிருந்தே வருகிறது. தோட்டத்து மரத்தில் தொங்கும் வௌவாலை விரட்ட வேண்டியதில்லை. வெறுங்கையால் தொடாமல் இருந்தால் போதும்.