எழுத்தறியத் தாமதிக்கும் பிள்ளைகள்

தாம்பரம் தொடங்கிக் கடற்கரை வரை மின்சார இரயில் நிற்கும் நிலையங்கள் யாவற்றையும் வரிசை பிறழாது ஒரே மூச்சில் ஒப்பிக்கும் சிறுவன் ஒருவனை யான் அறிவேன். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம் என்று அவன் தொடங்கினால் இடையில் தடுக்க இயலாது. வயது ஒன்பது; படிப்பது நான்காம் வகுப்பு. ஆயினும், நிலையத்து மஞ்சட் பலகையில் ‘பெருங்களத்தூர்’ என்று பெரிய கரிய எழுத்திற் பொறித்திருப்பதைக் காட்டி, ‘வாசி, தம்பி’ என்றால், தலை கவிழ்ந்து நிற்பான். அவன் பயிலும் பள்ளியில் அவனுக்கு வழங்கிய பெயர் ‘மக்கு’ என்பது. அப்பள்ளி யாதென்று ஈண்டு உரைத்துப் பயனில்லை. அச்சொல் வழங்காத பள்ளி அரிது. சேலையூர்ப் பக்கத்தில் மாலைநேரக் கல்வி நிலையம் ஒன்றிற்குச் சனிக்கிழமைதோறும் பாடஞ்சொல்லச் சென்றபோது அவனைக் கண்டேன். இத்துணை நினைவாற்றலும் வரிசையறிவும் உடையான் மக்காதல் எங்ஙனம் என்று அன்று எழுந்த ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம்.

இவ்வியல்பு புதிதாகத் தோன்றியதன்று. 1896ஆம் ஆண்டிலேயே பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில மருத்துவர், கூர்த்த மதியும் நல்ல கண்பார்வையும் உடையவனாயிருந்தும் எழுத்துக்கூட்டி வாசிக்க இயலாத பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி மருத்துவப் பத்திரிகையில் எழுதினார். இன்று இதனை டிஸ்லெக்ஸியா என்றும், எண்ணிலும் எழுத்திலும் நேரும் பிற இடர்களையும் சேர்த்துக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்றும் வழங்குகின்றனர். இது சோம்பலால் வருவதன்று. பெற்றோரின் கவனக்குறைவால் வருவதுமன்று. சொல்லின் ஒலியைக் கூறுகூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றையும் எழுத்தோடு பொருத்தும் தொழில் சில பிள்ளைகளின் மூளையில் எளிதில் நிகழாமையே இதன் அடிப்படை என்பது அறிஞர் பலர் துணிபு.

கண்ணில்லாதவரையும் செவியில்லாதவரையும் நம் நாடு முற்றும் மறந்துவிட்டதென்று கூறுதற்கில்லை. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-இல் பார்வையற்றோர்க்கும், சுவெயின்சன் அம்மையார் 1895-இல் செவிப்புலன் அற்றோர்க்கும் பள்ளிகள் தொடங்கினர். நம் பக்கத்திலும், மூளை முடக்குவாதமுற்ற பிள்ளைகளுக்கென 1985-இல் தோன்றிய வித்யாசாகர் கோட்டூர்புரத்திலும், பலவகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டிலும் உள்ளன. இவையெல்லாம் புறத்தே புலப்படும் குறைகள். நம் சிறுவனுடைய இடரோ புறத்தே புலப்படாதது. ஓடுகிறான், பேசுகிறான், கடையிற் சில்லறை எண்ணி வாங்குகிறான். புத்தகத்தைத் திறக்கும் கணத்தில் மட்டுமே அஃது வெளிப்படுகிறது. அதனாலேயே அவனுக்கு இரக்கம் கிடைப்பதில்லை, பிரம்பு கிடைக்கிறது.

தமிழில் ஒவ்வோர் எழுத்திற்கும் ஒலி வரையறை உண்டாதலின், ஆங்கிலத்தைப்போல் இம்மொழியில் இவ்விடர் பெரிதாகாது என்று நம்மவர் சிலர் கருதுகின்றனர். அது பாதி உண்மையே. ‘பெருங்களத்தூர்’ என்னும் அப்பலகையையே நோக்குக. வாயிற் பகரம் முந்தி எகரம் பிந்தி ஒலிக்கிறது. கண்ணிலோ எகரக் குறியாகிய கொம்பு முன்னே நிற்கிறது. ‘கோடம்பாக்கம்’ என்பதில் ஓகாரக்குறி ககரத்தின் இருமருங்கும் பிரிந்து நிற்கிறது. பகரம் ‘பல்லாவரம்’ என்பதன் முதலில் ஒருவிதமாகவும் ‘தாம்பரம்’ என்பதன் இடையில் மற்றொருவிதமாகவும் ஒலிக்கிறது; இடமறிந்து வேறுபடுத்துதல் நமக்குப் பழக்கம், அவனுக்கோ புதிர். இனி உகர வரிசையைப் பார்க்க: கு, து, பு, ரு என்று மெய்தோறும் குறி வேறுவேறு வடிவெடுக்கிறது. 1978-இல் தமிழ்நாட்டரசு ணை, லை, னா, றா முதலிய பதின்மூன்று வடிவங்களைச் சீர்செய்தது. அதற்கு முன் அச்சான நூல்களைப் புரட்டுவோர் தும்பிக்கை தூக்கிய ஐகாரங்களை அவற்றிற் காண்பர். உகர ஊகாரங்களை அச்சீர்திருத்தம் தொடவில்லை. இவற்றோடு லகர ளகர ழகரமும், நகர னகர ணகரமும், ரகர றகரமும் சேர்ந்துகொள்கின்றன. வீட்டில் ‘போறேன்’ என்பவன் நூலில் ‘செல்கிறேன்’ என்று கண்டால், எழுத்தைக் கூட்டிய பின்னும் அஃது அவன் அறிந்த சொல்லாக அமைவதில்லை. பயிற்சி ஏடுகளென யான் கண்டவற்றுட் பெரும்பாலன ஆங்கில எழுத்தின் வலப்புறம் இடப்புறம் மாறும் மயக்கத்தையே பெரிதாகப் பேசுகின்றன. தமிழ்ப் பிள்ளைக்கு அம்மயக்கத்தினும் இக்கொம்பும் காலுமே பகையாயின.

நிற்க. சட்டம் என்ன செய்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைகளை ஏற்று, அவற்றுட் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துக்கொண்டது. பிள்ளைகளிடத்து அதனை இயன்றவரை விரைவிற் கண்டறிதலைக் கல்விநிலையங்களின் கடமையுமாக்கிற்று. பத்தாம் வகுப்புத் தேர்வில் கூடுதல் நேரமும், சொல்வதை எழுதுவோர் துணையும், ஒரு மொழிப்பாடத்தினின்று விலக்கும் நம் மாநிலத்திற் கிடைக்கின்றன. 2021-இல் உச்சநீதிமன்றம் தொடக்கப்பள்ளிகளில் இத்தகைய பிள்ளைகள் பதின்மருக்கு ஒரு சிறப்பாசிரியரும், மேல்வகுப்புகளில் பதினைவருக்கு ஒருவரும் வேண்டுமென்று பணித்தது. இவை யாவும் நன்றே.

ஆனால் 2018-இல் வெளியான நெறிமுறையின்படி கற்றல் குறைபாட்டிற்கான சான்றிதழ் எட்டு வயது நிரம்பிய பின்னரே வழங்கப்படும். பதினான்கிலும் பதினெட்டிலும் மீண்டும் பரிசோதித்தல் வேண்டும். இதற்குக் காரணம் உண்டு: ஆறு வயதில் எழுத்தறியாமை குறைபாடோ வளர்ச்சித் தாமதமோ என்று துணிதல் அரிது. எனினும் எழுத்துக் கற்கும் பருவம் ஐந்து முதல் எட்டு வரை அன்றோ? சான்றிதழ் வரும்போது அப்பருவம் கழிந்துவிடுகிறது. எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்திவைத்தல் இல்லாமையால், வாசிக்கத் தெரியாமலே பிள்ளை ஏறிக்கொண்டே செல்கிறான். ஒன்பதிற்றான் பள்ளி விழித்துக்கொள்கிறது. நிறுத்திவைத்தலை மீட்க வேண்டுமென்பது என் கருத்தன்று. ஒரே பாடத்தை ஒரே முறையில் இருமுறை ஊட்டுதல் மருந்தாகாது. அரசுப் பள்ளிகட்குரிய சிறப்பாசிரியரோ வட்டார வள மையத்தைச் சார்ந்து பல பள்ளிகட்குச் சுற்றி வருபவர். அவர் வராத நாள்களில் அப்பிள்ளைக்கு உள்ளவர் வகுப்பாசிரியர் ஒருவரே. ஆகவே சான்றிதழை எதிர்பாராது முதல் இரண்டு வகுப்புகளில் அவ்வாசிரியர் கையாலேயே நிகழ்வது எதுவோ, அதுவே மெய்யான உதவி என்பேன். தேர்வறைச் சலுகை அதன்பின் வருவது.

அவ்வுதவிக்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. முதலிற் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் செய்தல் வேண்டும். மூக்குக்கண்ணாடி ஒன்றால் தீர்ந்த ‘மக்குத்தனம்’ பல உண்டு. பின்னர், எழுத்தைக் கண்ணுக்கு மட்டும் காட்டாது விரலுக்கும் செவிக்கும் ஒருங்கே அளித்தல் வேண்டும். இம்முறையை மேனாட்டார் சென்ற நூற்றாண்டில் விரித்துரைத்தனர். நம் ஊர்த் திண்ணைப் பள்ளியிலோ மணலில் விரலால் வரைந்து, வாயால் உரக்கச் சொல்லுதல் பழைய வழக்கம். 1789-இல் எழும்பூரிலிருந்த ஆண் அநாதைப் பிள்ளைகள் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்பார், நாட்டுப் பிள்ளைகள் இவ்வாறு எழுதுதலைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் புகுத்த முயன்றார். அவருடைய உபாத்தியாயர் இணங்கிலர். எட்டு வயதளவினனாகிய சிறுவன் ஒருவனைக் கொண்டே அரிச்சுவடி வகுப்பை நடத்தி வெற்றி கண்டார். 1797-இல் இலண்டனில் அவர் அதனை நூலாக வெளியிட, ‘சென்னை முறை’ என்று அது கடல் கடந்து பரவிற்று. அன்று சிறுவனே கற்பித்த வயதில், இன்று அவனையொத்த மற்றொருவனுக்குக் குறை உண்டென்னும் சீட்டுக் கிடைக்கிறது.

வகுப்பறையில் இயல்வன இன்னும் சில உள. பலர்முன் உரக்க வாசிக்குமாறு அப்பிள்ளையைத் திடீரென எழுப்பலாகாது. முதல்நாளே ஒரு பத்தியைக் கொடுத்துப் பழகிவரச் செய்தல் நலம். கரும்பலகையைப் பார்த்துப் பக்கம் பக்கமாக எழுதச் செய்தல் வீண். அவன் அறிந்ததை வாய்மொழியாகக் கேட்டறியலாம். லகர ளகர ழகரங்களை வடிவால் அன்றி, நாக்கு எங்கே தொடுகிறது என்று ஆடியிற் காட்டிக் கற்பித்தல் பயன்தரும். நாற்பது பிள்ளைகளிடையே இதற்கு நேரம் ஏது என ஆசிரியர் வினவுவர். அவர் வினா நியாயமானதே. நாள்தோறும் இருபது நிமிடம் அப்பிள்ளையோடு அமரத் தக்க இன்னொருவர் அங்கே இருத்தல் வேண்டும். நம் கலாசாலை மாணவர் அப்பணிக்கு ஏற்றவர். ஆனால் ஒருநாள் சென்று படமெடுத்துக்கொண்டு மீள்வோர் செல்லாதிருத்தலே நன்று. மாதந்தோறும் முகம் மாறினால், முன்னமே பலர் கைவிட்ட பிள்ளை மீண்டும் கைவிடப்படுகிறான்.

இனி அச்சிறுவனைப் பற்றி. யானும் என் நண்பர் ஒருவரும் தட்டில் மணல் பரப்பி, இரயில் நிலையப் பெயர்களையே பாடமாகக் கொண்டோம். அவற்றின் ஒலி அவன் முன்னமே அறிந்தது ஆதலின் எழுத்தொன்றே புதிது. கொம்பைக் கண்டால் ‘பொறு’ என்று தனக்குத்தானே சொல்லி, அடுத்த மெய்யைப் பார்த்துப் பின் ஒலிக்கப் பழகினான். ‘பெருங்களத்தூர்’ ஏழு வாரத்திற் கைவந்தது. ‘பழவந்தாங்கல்’ என்பதில் இன்னும் ழகரத்தில் நின்றுவிடுகிறான். அவன் தாயார் ஒருநாள் கல்வி நிலையத்து வாயிலில் நின்று, ‘இவனுக்குப் படிப்பு வருமா, ஐயா?’ என்று கேட்டார். அவன் விடையிறுக்க இடங்கொடாது, எதிர்ச்சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பொன்றை விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கத் தொடங்கினான். மூன்று சொல் வாசித்தான். நான்காவதை யான் சொல்லிக்கொடுத்தேன்.