கீழே சிக்கினா மேலே பாருங்க

பிளேஸ்மென்ட் சீசன் வந்தா ஹாஸ்டல்ல எல்லாருக்கும் ஒரே நாள்ல ஃபார்மல்ஸ் ஞாபகம் வரும். சட்டையில ஒரு பட்டன் இல்லைங்கிறதும், பேன்ட்ல தொடைப் பக்கம் தையல் விட்டிருக்கிறதும் அப்போதான் தெரியும். கைனமேட்டிக்ஸ் பேப்பரை அரியர் இல்லாம முடிச்ச நாமளே, அன்னைக்கு ஊசி நூல் தேடி ரூம் ரூமா அலைவோம். அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஒரு பட்டன், ஒரு கிழிசல், ஒரு பை. இந்த மூணும் வந்துட்டா மிச்சத்தை நீங்களே கத்துக்கலாம்.

முதல்ல கைத்தையல்

ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு, ஒரு சின்ன கத்தரிக்கோல் போதும். நூலை விரல் நுனியில இருந்து முழங்கை வரைக்கும் அளந்து வெட்டுங்க. அடிக்கடி கோக்க வேண்டாம்னு நீளமா வெட்டினா பாதியிலேயே சிக்கிக்கும். பட்டனுக்கு மட்டும் ரெண்டு மடங்கு வெட்டி, ஊசியில கோத்து, இரட்டையா மடிச்சு முடிச்சுப் போடுங்க.

பட்டன் தைக்கும்போது ஊசியை துணியோட அடியில இருந்து மேலே கொண்டு வாங்க. பட்டன் மேல ஒரு தீக்குச்சியை வச்சு, நூல் அதுக்கு மேல போற மாதிரி ஒவ்வொரு ஜோடி ஓட்டையிலயும் மூணு தடவை தைங்க. இப்போ குச்சியை உருவிட்டு பட்டனைத் தூக்கினா, அடியில நூல் கொஞ்சம் தளர்வா நிக்கும். அந்த நூலை நாலு சுத்து சுத்தி, ஊசியை அடிப்பக்கம் கொண்டு போய் முடிச்சுப் போடுங்க. தீக்குச்சி எதுக்குன்னா, பட்டன் போட்டதும் காஜா பக்கத் துணி பட்டனுக்கு அடியில வந்து உட்காரணும். அதுக்கு இடம் இல்லைன்னா துணி சுருங்கும், நூலும் சீக்கிரம் அறுந்துடும்.

அடுத்து, தையல் விட்ட இடம். மேல கீழன்னு ஊசியைக் கோத்துக்கிட்டே போறது ஓட்டுத் தையல். சீக்கிரம் முடியும், ஆனா ஒரு இடத்துல அறுந்தா மிச்சமும் உருவிக்கிட்டு வந்துடும். அக்குள், தொடை மாதிரி இழுவை உள்ள இடத்துக்கு கெட்டித் தையல் வேணும். ஊசி மேலே வந்த இடத்துல இருந்து ஒரு தையல் பின்னாடி குத்தணும். அடியிலேயே ரெண்டு தையல் தூரம் முன்னாடி போய் மேலே வரணும். துணியை உள்பக்கமா திருப்பி, பழைய தையல் போன கோட்டு மேலேயே போங்க. பிரிஞ்ச இடத்துக்கு அரை இன்ச் முன்னாடி ஆரம்பிச்சு அரை இன்ச் தாண்டி முடிங்க.

மிஷின் உள்ள என்ன நடக்குது?

கையூசிக்கு காது வால் பக்கம். மிஷின் ஊசிக்கு காது கூர் முனைக்குப் பக்கத்துல. எலியாஸ் ஹோவ் அமெரிக்காவுல 1846ல பேட்டன்ட் வாங்கின மிஷின் இப்படிப்பட்ட ஊசியையும் ரெண்டு நூலையும் வச்சுத்தான் தைச்சது. இன்னைக்கு வீட்டு மிஷினோட அடிப்படையும் அதேதான்.

ஊசி துணிக்குள்ள இறங்கி, திரும்ப லேசா ஏற ஆரம்பிக்கும்போது, துணியோட உரசல்ல நூல் கூடவே ஏறாம ஒரு சின்ன வளையமா உப்பும். கீழே சுத்துற கொக்கி அந்த வளையத்தைப் பிடிச்சு பாபினைச் சுத்தி எடுத்துட்டுப் போகும். பாபின் நூல் வளையத்துக்குள்ள மாட்டிக்கும். மேலே ஏறி இறங்குற லீவர் மேல் நூலை இழுத்து இறுக்கும். ரெண்டு நூலும் துணியோட தடிமனுக்கு நடுவுல பின்னிக்கிட்டா அது சரியான தையல். இதுக்குப் பேர் லாக் ஸ்டிட்ச்.

இதைப் புரிஞ்சுக்கிட்டா ரிப்பேரும் பாதி புரிஞ்ச மாதிரி. புதுசா தைக்கிறவங்களுக்கு துணிக்கு அடியில நூல் குருவிக்கூடு மாதிரி சிக்கும். உடனே பாபினைத்தான் சந்தேகப்படுவோம். ஆனா கீழே குவிஞ்சு கிடக்கிறது மேல் நூல். அதை இழுத்துப் பிடிக்க மேலே ஆள் இல்லைன்னு அர்த்தம். பெரும்பாலும் நூல் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவுல உட்கார்ந்திருக்காது. பிரஷர் ஃபுட்டைத் தூக்கி வச்சா அந்தத் தட்டுகள் விலகும். அப்போ முதல்ல இருந்து திரும்பக் கோங்க. இதுக்கு மாறா, பாபின் நூல் துணியோட மேல்பக்கம் புள்ளி புள்ளியா தெரிஞ்சா மேல் நூல் ரொம்ப இறுக்கம்.

டீபக் பண்ண சுலபமான வழி: மேலே சிவப்பு நூல், பாபின்ல வெள்ளை நூல். வேஸ்ட் துணியில நாலு இன்ச் ஓட்டிப் பாருங்க, எந்த நூல் எங்கே வந்து நிக்குதுன்னு கண்ணுக்கே தெரியும். டென்ஷன் திருகுல கை வைக்கிறது கடைசி வேலை. அதுக்கு முன்னாடி மேல் நூலைத் திரும்பக் கோக்கணும், பாபினை எடுத்து மாட்டணும், ஊசியை மாத்தணும், பல்லுக்கு அடியில இருக்கிற பஞ்சுத் தூசியைத் தட்டணும்.

தையல் நடுநடுவுல விழாம தாவினா ஊசியைப் பாருங்க. வளைஞ்சோ மழுங்கியோ இருக்கலாம், இல்லைன்னா திரும்பி மாட்டியிருக்கலாம். வீட்டு மிஷின் ஊசியோட தண்டுல ஒரு பக்கம் தட்டையா இருக்கும். அது எந்தப் பக்கம் வரணும்ங்கிறது மிஷினுக்கு மிஷின் மாறும். பழைய ஊசியைக் கழட்டும்போதே பார்த்து வச்சுக்கோங்க. மெல்லிசு துணிக்கு 11, சட்டைத் துணிக்கு 14, ஜீன்ஸுக்கு 16ஆம் நம்பர் ஊசி.

முதல் பை

முதல் நாள் நூலே வேண்டாம். பழைய ஊசியை மாட்டி, கோடு போட்ட நோட்டுத் தாளை வச்சு கோட்டு மேலேயே ஓட்டிப் பழகுங்க. கண்ணு ஊசி மேல இருக்க வேண்டாம், கோட்டு மேல இருக்கட்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த டெய்லர் அண்ணன் அடிக்கடி சொன்னது ஒண்ணுதான்: "துணியை இழுக்காத தம்பி, அதுவே போகும்." பல்லுதான் துணியை நகர்த்தும். நாம இழுத்தா ஊசி வளைஞ்சு உடையும். கையோட வேலை, துணி போற திசையை மட்டும் பார்த்துக்கிறது.

அப்புறம் ஒரு காடாத்துணிப் பை. எல்லாமே நேர்க்கோடு, அதனால பயமில்லை. துணியை நனைச்சுக் காய வச்சு, 15 இன்ச் அகலம் 35 இன்ச் நீளத்துல ஒரு துண்டும், கைப்பிடிக்கு 4 இன்ச் அகலம் 20 இன்ச் நீளத்துல ரெண்டு பட்டையும் வெட்டுங்க. பட்டையோட ரெண்டு ஓரத்தையும் நடுவுக்கு மடிச்சு, திரும்ப பாதியா மடிச்சு அடிச்சா ஒரு இன்ச் கைப்பிடி ரெடி. பெரிய துண்டோட ரெண்டு குறுகின ஓரத்தையும் முதல்ல அரை இன்ச், அப்புறம் ஒரு இன்ச் மடிச்சு அடிங்க. ரெண்டு பக்க ஓரத்துல இருந்தும் 4 இன்ச் தள்ளி கைப்பிடியை வச்சு, கட்டம் போட்டு நடுவுல பெருக்கல் குறி மாதிரி தைங்க. கடைசியா நல்ல பக்கம் உள்ளே இருக்கற மாதிரி பாதியா மடிச்சு, ரெண்டு பக்கமும் அரை இன்ச் உள்ளே விட்டு அடிங்க. ஆரம்பத்துலயும் முடிவுலயும் முன்ன பின்ன ரெண்டு தடவை ஓட்டினா பிரியாது. திருப்பினா 14க்கு 16 இன்ச் பை.

இதே தையலை டி-ஷர்ட்ல மட்டும் போடாதீங்க. பனியன் துணி நீளும், லாக் ஸ்டிட்ச் அந்த அளவுக்கு நீளாது. இழுத்தா நூல் அறுந்துடும். அதனாலதான் டி-ஷர்ட்டுக்கு ஓவர்லாக் மாதிரி வேற தையல்.

பை தைச்சதும் ஒரு டி-ஷர்ட்டை உள்பக்கமா திருப்பிப் பாருங்க. துணியை வெட்ட கம்ப்யூட்டர் மிஷின் வந்தாச்சு. ஆனா தைக்கிறது இன்னும் பெரும்பாலும் மனுஷங்கதான். இரும்புத் தகடு வச்ச இடத்துல நிக்கும், ரோபோவால எடுத்துடலாம். துணி வழுக்கும், நீளும், மடங்கும். ஒவ்வொரு இன்ச்சுக்கும் விரல் அதைத் திருத்திக்கிட்டே இருக்கணும். அந்தத் தோள் தையல், கழுத்துத் தையல், கை ஓரம் எல்லாமே திருப்பூர்லயோ வேற எங்கேயோ ஒருத்தர் விரல் வழியாத்தான் போயிருக்கு. வீட்டுல தைச்சா பொம்பளைங்க வேலை, கடையில தைச்சா டெய்லர் தொழில்னு நாம பிரிச்சு வச்சிருக்கிற இந்த வேலை எவ்வளவு கவனம் கேட்குதுன்னு, நாலு நேர்க்கோடு தைச்சுப் பார்த்தவங்களுக்குத் தெரியும்.

வீட்டுல மூலையில துணி போட்டு மூடி வச்ச மிஷின் இருந்தா இந்த லீவுல திறங்க. எண்ணெய் விட்டு, நோட்டுத் தாள்ல ஆரம்பிங்க.