டீசல் பில்டர் பராமரிப்பு: வண்டிக்காரர் கையில் இருக்க வேண்டியவை

நம் ஊரிலிருந்து சிவகங்கைக்கும் காரைக்குடிக்கும் சரக்கு ஏற்றிச் செல்லும் சிறு வண்டிகள் பலவும் தவணையில் வாங்கியவை. வண்டி நின்றாலும் தவணை நிற்பதில்லை; ஏற்றிய சரக்கோ பிறருடைய அமானிதம். மழைக்காலத்தில் வண்டி இழுக்காமல் திணறி நிற்பதற்கு டீசல் பில்டரில் தேங்கும் தண்ணீரும் ஒரு காரணம். அதை வடிப்பதையும் பில்டரை மாற்றுவதையும் நாமே செய்யலாம். தொழில் தெரிந்த சகோதரர்களிடம் கேட்டறிந்ததை இங்கே தருகிறோம்.

தண்ணீர் எப்படி வருகிறது?

டேங்க் பாதி காலியாக இருந்தால், இரவுக் குளிரில் உள்ளே உள்ள காற்றின் ஈரம் நீராகப் படிகிறது. டீசலை விடத் தண்ணீர் கனமானது; அடியில் இறங்கிப் பில்டருக்கு வருகிறது. அதையும் தாண்டினால் பம்பும் இன்ஜெக்டரும் துருப்பிடிக்கும். பில்டர் விலை நூறுகளில் முடியும். காமன் ரெயில் இன்ஜெக்டர் விலை ஆயிரங்களில் நிற்கும்.

தேவையான பொருட்கள்

1. வண்டியின் மாடலுக்கு உரிய புதிய பில்டர், அதற்கான ரப்பர் வளையம்.
2. பில்டரைக் கழற்றும் பெல்ட் ரென்ச். சரியான அளவு ஸ்பேனர்கள்.
3. டீசல் பிடிக்க அகலமான பாத்திரம், கண்ணாடி பாட்டில்.
4. நூல் உதிராத சுத்தமான துணி. பனியன் வேஸ்ட் வேண்டாம். அதன் நூலே அடைப்பாகும்.
5. கையுறை, டார்ச் லைட், சக்கரத்துக்கு முட்டுக் கட்டை.

செய்முறை

சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆறிய பின் தொடங்குங்கள். அருகில் பீடி, நெருப்பு கூடாது. பில்டரின் வெளிப்புறத்தை முதலில் துடையுங்கள். அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வருவதைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். சற்று நேரம் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். சுத்தமான டீசல் வரும் வரை வடித்துத் திருகை மூடுங்கள்.

பில்டரையே மாற்றுவதானால், சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டுப் பழையதை எடுங்கள். பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். புதிய வளையத்தில் சுத்தமான டீசல் தடவிக் கையால் திருகுங்கள். எவ்வளவு இறுக்குவது என்பது பில்டர் மீதே அச்சிட்டிருக்கும். பிறகு ஹேண்ட் பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். மின்பம்பு உள்ள வண்டியில் சர்வீஸ் புத்தகம் சொல்கிறபடி செய்யுங்கள். ஸ்டார்ட் செய்து கசிவு உண்டா என்று பாருங்கள்.

செய்யக் கூடாதவை

பழைய பில்டரைக் கழுவி, காற்றடித்து மறுபடி மாட்டாதீர்கள். உள்ளே உள்ள காகிதம் கிழிந்திருக்கும். டீசலை வாயால் உறிஞ்சாதீர்கள். நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாய்களில் ஸ்பேனர் வைக்காதீர்கள். லாரி டயரில் 100 பவுண்டு அளவில் காற்று இருக்கிறது என்றால், இன்ஜின் ஓடும்போது காமன் ரெயில் குழாயில் அழுத்தம் அதைப் போல் நூறு மடங்குக்கும் மேல் போகும். தோலைத் துளைத்து உள்ளே இறங்கும். அந்த வேலை மெக்கானிக்குடையது. வாரண்டி உள்ள வண்டியானால் முதலில் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள்.

வடித்த டீசலை ஊருணிப் பக்கமோ வாய்க்காலிலோ கொட்டாமல், கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். நான்கு வண்டிக்காரர்கள் சேர்ந்தால் ஒரு பெல்ட் ரென்ச் போதும். பில்டர் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி வையுங்கள். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை தண்ணீரை வடித்துவிடுங்கள்.