தள்ளினாலும் சாயாத காம்பவுண்டு: இளம் கொத்தனார்களுக்கு ஒரு வழிகாட்டி

வீட்டு வேலைக்கு இன்ஜினீயர் வருவார், காம்பவுண்டுக்கு வரமாட்டார். வீடு முடிந்து கையில் மிஞ்சிய காசில், "சுத்தி ஒரு சுவர் ஏத்திடு தம்பி" என்று கொத்தனாரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். கடலூர் மாவட்டம் கம்மாபுரம் வட்டாரத்தில் ஒரு கொத்தனார் மேஸ்திரியாக மாற இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. குழி, கம்பி, கான்கிரீட், கட்டு வேலை, பூச்சு எல்லாம் ஒரே வேலையில் கைக்கு வரும். முதலீடு குறைவு. தெருவில் போகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள். சுவர் நின்றால் அடுத்த வேலை தேடி வரும். சாய்ந்தால் அதையும் அவர்களேதான் பார்ப்பார்கள்.

வீட்டுச் சுவர் வேறு, காம்பவுண்டு வேறு

வீட்டுச் சுவர் பாரம் தாங்குகிறது. மேலே தளம் அழுத்துகிறது, குறுக்குச் சுவர்கள் இழுத்துப் பிடிக்கின்றன. காம்பவுண்டுக்கு மேலேயும் ஒன்றுமில்லை, பக்கத்திலும் பிடிமானமில்லை. அதன் வேலையே தள்ளலைத் தாங்குவதுதான். காற்று தள்ளும், மண் தள்ளும், மண்ணுக்குள் தேங்கிய தண்ணீர் தள்ளும், ரிவர்ஸ் எடுக்கும் டிராக்டரும் தள்ளும்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது காற்று மணிக்கு 140 கி.மீ. வரை அடித்தது. அந்த வேகத்தில் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 90 கிலோ தள்ளும். 10 அடி நீளம், 6 அடி உயரச் சுவர் என்றால் மொத்தம் அரை டன். பில்லர் இல்லாமல் 6 அங்குல பிளாக் கல்லை வெறுமனே அடுக்கி நிறுத்திய சுவர், தன் எடையை மட்டும் நம்பி இதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தாங்காது.

2019 டிசம்பர் 2 அதிகாலை, கனமழையில், மேட்டுப்பாளையம் அருகே நடூரில் ஒரு வீட்டின் உயரமான கருங்கல் சுற்றுச்சுவர் பக்கத்து வீடுகள் மேல் சரிந்து 17 பேர் இறந்தார்கள். அங்கே ஏன் அவ்வளவு உயரமாகச் சுவர் எழுப்பினார்கள் என்பது வேறு பெரிய விவாதம். நம் தொழிலுக்கு அதில் ஒரு பாடம் உண்டு. கல் கெட்டியாக இருந்தால் சுவர் நிற்கும் என்று நம்பக்கூடாது. கருங்கல்லைவிடக் கெட்டியான கல் ஏது?

குழிதான் முதல் செலவு

நெய்வேலி, விருத்தாசலம் பக்கம் முந்திரி வளரும் செம்மண். சேத்தியாத்தோப்பு, வீராணம் பக்கம் போகப்போகக் களிமண். ஒரே ஒன்றியத்துக்குள் வேலை செய்தாலும் எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் குழி போட முடியாது. களி மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். வெடிப்பு இறங்கும் ஆழத்துக்கு மேலே ஃபுட்டிங் உட்கார்ந்தால் வருடா வருடம் சுவர் ஏறி இறங்கி விரிசல் விடும். கெட்டியான செம்மண்ணில் 3 அடி போதும் என்றால், களியில் 4 அடி, தேவைப்பட்டால் 5 அடிகூடப் போக வேண்டும்.

இன்னொரு வம்பு, மேடாக்கிய மனை. வயலைக் கிராவல் கொட்டி உயர்த்தி பிளாட் போட்டிருப்பார்கள். அந்தக் கிராவலை மண் என்று கணக்கில் எடுக்காதீர்கள். பழைய வயல்தரை எங்கே இருக்கிறது என்று கடப்பாறையால் குத்திப் பார்த்து, அதற்கும் கீழே போங்கள். மேட்டில் நிறுத்திய சுவர் இரண்டு மழைக்காலத்துக்குள் வெளிப்பக்கம் சாயும்.

5, 6 அடி உயரச் சுவருக்குப் பொதுவாகச் செய்யும் முறை இது. 8 முதல் 10 அடிக்கு ஒரு பில்லர் வைக்க வேண்டும். குழிக்கு அடியில் பி.சி.சி., அதன்மேல் கம்பி வலை பின்னிய ஃபுட்டிங். பில்லருக்கு 4 கம்பி, 6 அங்குலத்துக்கு ஒரு ரிங். தரை மட்டத்தில் பில்லர்களை இணைத்து ஒரு பெல்ட், கல் வரிசை அதன்மேல்தான் தொடங்கும். சுவர் 6 அடியைத் தாண்டினாலோ, ஒரு பக்கம் மண் அணைந்து நின்றாலோ கம்பிக் கணக்கைக் கட்டாயம் இன்ஜினீயரிடம் வாங்குங்கள். கேட்பதால் உங்கள் மரியாதை குறையாது.

பில்லரை முதலில் வழவழவென்று ஊற்றிவிட்டு இடையில் கல்லைச் செருகுவது பலருக்கும் பழக்கம். அந்த இணைப்பில் மேலிருந்து கீழ்வரை கோடு போட்டாற்போல் விரிசல் வரும். பெல்ட்டில் பில்லர் கம்பியை நிறுத்திவைத்து, கல்லை இரு பக்கமும் பல் விட்டுக் கட்டி, பிறகு இடைவெளியில் கான்கிரீட் போடுங்கள். கல்லும் பில்லரும் கடித்துக்கொள்ளும். நீளச் சுவரில் 20, 25 அடிக்கு ஒரு இடத்தில் இரட்டை பில்லர் வைத்து நடுவே ஜாயிண்ட் விடுங்கள். வெயிலில் சுவர் நீளும், குளிரில் சுருங்கும். ஜாயிண்டை நீங்கள் விடாவிட்டால் சுவர் தானே ஒரு இடத்தைப் பிளந்து எடுத்துக்கொள்ளும்.

பிளாக் கம்பெனியில் என்ன கேட்பது?

ஹாலோ, சாலிட் பிளாக்குகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 2185. அது சொல்வது: வார்த்த கல்லைக் குறைந்தது 14 நாள் ஈரமாக வைத்திருக்க வேண்டும், பிறகு 4 வாரம் உலரவிட்டுத்தான் சுவரில் ஏற்ற வேண்டும். கம்பெனியில் கல் எடுக்கும்போது விலைக்கு முன்னால் வார்த்த தேதியைக் கேளுங்கள். பத்து நாள் கல்லை ஏற்றினால் சுவரில் போய்ச் சுருங்கும். நீங்கள் எவ்வளவு நன்றாகக் கட்டினாலும் வெடிக்கும்.

சோதிக்க லேப் தேவையில்லை. இரண்டு கல்லை மோதினால் கணீரென்று கேட்க வேண்டும். ஆணியால் கீறினால் மாவாக உதிரக்கூடாது. ஒரு கல்லை எடை போட்டு, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுபடி எடை போடுங்கள். தரம் அனுமதிக்கும் உறிஞ்சல் 10 சதவீதம். 25 கிலோ கல் ஊறிய பிறகு 27½ கிலோவைத் தாண்டினால் அந்த லோடு வேண்டாம்.

நம் பக்கம் நெய்வேலி அனல்மின் நிலையம் இருப்பதால் சாம்பல் கல்லும் தாராளமாகக் கிடைக்கிறது. அனல்மின் நிலையங்களைச் சுற்றி 50 கி.மீ. தூரத்துக்குள் செங்கல்லில் சாம்பல் கலக்க வேண்டும் என்று 1999-ல் மத்திய அரசு அறிவித்தது. பின்னாளில் அந்தத் தூரத்தை 300 கி.மீ. வரை நீட்டியது. சாம்பல் சேர்ந்த கல் மெதுவாகத்தான் பலம் ஏறும். அதனால் தேதி கேட்பது இதற்கு இன்னும் முக்கியம்.

கணக்குக்கு: 16 × 8 அங்குல முகமுள்ள கல் 100 சதுர அடிக்குச் சுமார் 112 பிடிக்கும். தரைக்கு மேல் 5 அடி உயரம், 100 அடி நீளம் என்றால் 560 கல். உடைசலுக்கு 25, 30 சேர்த்துக்கொண்டு, பில்லர் அகலத்தைக் கழியுங்கள்.

செங்கல் பழக்கத்தை இதில் காட்டாதீர்கள்

செங்கல்லை நனைத்துக் கட்டிப் பழகிய கை, பிளாக்கையும் தொட்டியில் போடும். கூடாது. நனைந்த கல் உப்பிய நிலையில் சுவரில் உட்கார்ந்து, காயும்போது சுருங்கி இழுக்கும். இணைப்புகளில் படி படியாக ஏறும் விரிசல் பெரும்பாலும் இதனால்தான். நல்ல வெயில் நாளில் கலவை வைக்கும் முகத்தில் மட்டும் லேசாகத் தண்ணீர் தெளித்தால் போதும்.

கலவை 1:6. "சிமெண்டு கூடப் போட்டா கெட்டியா இருக்கும்" என்று 1:3 போடச் சொல்வார்கள். கல்லைவிடக் கலவை கெட்டியானால் இணைப்பு தாங்கிக்கொண்டு கல் பிளக்கும். விரிசல் எங்கேனும் வந்துதான் தீரும் என்றால் அது இணைப்பில் வரட்டும், கரண்டியால் அடைத்துவிடலாம். இணைப்பு 10 மி.மீ. தடிமன் போதும். செங்குத்து இணைப்பையும் நிரப்புங்கள். வெளியே பூசி மறைத்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மழைத்தண்ணீர் தேடிப்பிடித்து உள்ளே போகும்.

ஒரே நாளில் முழு உயரம் ஏற்றாதீர்கள். 3, 4 அடியோடு நிறுத்தி, மறுநாள் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துவிட்டு மேலே போங்கள். பில்லருக்கும் பெல்ட்டுக்கும் குறைந்தது 7 நாள் தண்ணீர் விட வேண்டும். யார் விடுவது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். "வீட்டுக்காரங்க விட்டுக்குவாங்க" என்று கிளம்பினால் யாரும் விட்டிருக்க மாட்டார்கள், கெட்ட பெயர் மட்டும் உங்களைத் தேடி வரும்.

தண்ணீருக்கு வழி விடுங்கள்

ஒரு பக்கம் மனை 3 அடி உயரமாக இருந்து, மழைத்தண்ணீர் அங்கே சுவரை ஒட்டித் தேங்கினால், 10 அடி நீளத்துக்கு ஒன்றேகால் டன் தள்ளும். மண்ணின் தள்ளல் தனி. பெல்ட்டுக்கு மேலே 4, 5 அடிக்கு ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டை வெளிப்பக்கம் சற்றுச் சரிவாக வையுங்கள். உட்பக்கம் ஜல்லி கொட்டினால் ஓட்டை அடைக்காது. தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலில் விழாமல் வாய்க்கால் பக்கம் திருப்புங்கள். இல்லாவிட்டால் சுவர் நிற்கும், சண்டை வரும். சுவர் உச்சியில் வெறும் கல்லை விடாமல் சரிவு வைத்துப் பட்டை பூசுங்கள்.

முடிந்தால் வேலையை அறுவடை முடிந்து தை, மாசியில் பிடியுங்கள். மனையில் கால் வைக்க முடியும், வீட்டுக்காரர் கையிலும் காசு இருக்கும். ஐப்பசியில் குழி தோண்டினால் தண்ணீர் இறைக்கவே கூலி போய்விடும்.

எல்லை, ரேட், எழுத்து

நூல் கட்டும் நாளில்தான் பக்கத்து வீட்டுக்காரர் வருவார். நீங்கள் நடுவர் ஆகாதீர்கள். பட்டாவும் புலப்படமும் இணையத்திலேயே எடுக்கலாம். சந்தேகம் இருந்தால் சர்வேயரை வைத்துக் கல் நட்டுவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள். ஃபுட்டிங் எல்லைக்கு வெளியே அரை அடி போனாலும் பிறகு இடிக்கச் சொல்வார்கள். ஊராட்சியில் அனுமதி தேவையா என்பதையும் வீட்டுக்காரரையே கேட்டு வரச் சொல்லுங்கள்.

ரேட் பேசும்போது ஓட்ட அடிக்கு ஒரே தொகை சொல்லாதீர்கள். குழி, ஃபுட்டிங், பில்லர், பெல்ட், கட்டு, பூச்சு என்று பிரித்து ஒரு தாளில் எழுதிக்கொடுங்கள். அப்போது பேச்சு இப்படிப் போகும்:

"பக்கத்துல ஒருத்தர் அடிக்கு நூறு ரூபா கம்மியா சொல்றாரே தம்பி?"

"அண்ணே, குழி எவ்வளவு ஆழம், பெல்ட் உண்டான்னு அவர்கிட்டயும் எழுதி வாங்குங்க. ரெண்டு தாளையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அப்பவும் அவர் கம்மின்னா அவருக்கே குடுங்க."

பாதிப் பேர் உங்களிடமே வருவார்கள். மற்றவர்களை விட்டுவிடுங்கள், குழியில் காசு மிச்சம் பிடிக்கச் சொல்லும் வேலை உங்களுக்கு நஷ்டம்தான். பணத்தை நான்கு தவணையாக வாங்குங்கள்: பொருள் இறங்கும்போது, பெல்ட் முடிந்ததும், கட்டு முடிந்ததும், பூச்சு முடிந்ததும். குழியையும் கம்பியையும் மூடுவதற்கு முன் அளவுநாடா வைத்து போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் முடிந்த பிறகு யாருக்கும் தெரியாத உங்கள் வேலைக்கு அதுதான் சாட்சி.

உடம்பும் அட்டையும்

சாலிட் கல் ஒன்று 25 கிலோ. நாளெல்லாம் குனிந்து தூக்கினால் நாற்பது வயதில் முதுகு போய்விடும். இடுப்பு உயரத்தில் பலகை போட்டு, கல்லை அதில் அடுக்கிவைத்து எடுங்கள். சிமெண்டு தோலை அரிக்கும். உங்களுக்கும் சித்தாளுக்கும் கையுறை வாங்குங்கள். பச்சைச் சுவரின் நிழலில் யாரையும் உட்கார்ந்து சாப்பிட விடாதீர்கள்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994 முதல் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதியலாம். பிள்ளைகள் படிப்பு, திருமணம், பிரசவம், விபத்து, மரணம் ஆகியவற்றுக்கு உதவியும் 60 வயதுக்குப் பின் ஓய்வூதியமும் உண்டு. உங்கள் குழுவில் உள்ள பெண்களையும் பதியச் சொல்லி, புதுப்பிக்கும் தேதியைக் குறித்துவையுங்கள். வாரிய அட்டை இருந்தும் புதுப்பிக்காமல் உதவியை இழந்தவர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள்.

கடைசியாக ஒரு வேலை, கூலி இல்லாதது. முதல் பெருமழை முடிந்ததும் நீங்கள் கட்டிய சுவர்களை ஒரு சுற்றுப் போய்ப் பாருங்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, ஜாயிண்டைத் தவிர வேறு எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா, குண்டு நூல் இன்னும் ஒட்டி நிற்கிறதா என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். எந்த மண்ணில் எவ்வளவு ஆழம் போதும் என்பதற்கு உங்கள் ஊருக்கென்று ஒரு கணக்கு சில வருடங்களில் சேர்ந்துவிடும். காசு வாங்கிய பிறகும் வந்து பார்க்கும் மேஸ்திரியை வீட்டுக்காரர் நாலு பேரிடம் சொல்லாமல் இருக்க மாட்டார்.