வாட்ஸ்அப் பயமும் எக்செல் கணக்கும்

"முன்ன மாதிரி இல்லை, ஊரே கெட்டுப் போச்சு." நாகர்கோவிலில் டீக்கடையில் உட்கார்ந்தாலும் சரி, வடசேரி பஸ் நிலையத்தில் நின்றாலும் சரி, இந்த வாக்கியம் காதில் விழாத நாள் இல்லை. என்ன ஆதாரம் என்று கேட்டால் உடனே செல்போனை எடுத்து வாட்ஸ்அப்பில் வந்த ஒரு வீடியோவைக் காட்டுவார்கள். அந்த வீடியோ நம் ஊரா, வேறு நாடா, நேற்று எடுத்ததா, பத்து வருடத்துக்கு முன் எடுத்ததா என்பதை யாரும் பார்ப்பதில்லை.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் எக்செல் இருக்கிறதா? ஓபன் ஆபீஸ் வகையைச் சேர்ந்த இலவச சாஃப்ட்வேர் இருந்தாலும் போதும். குற்றச் செய்திகளை நாமே கணக்குப் போட்டுச் சரிபார்ப்பது எப்படி என்பதுதான் இந்த இதழ்ப் பாடம். மூன்று சின்னப் பயிற்சிகள் போதும்.

இது ஏன் முக்கியம்?

2018ஆம் ஆண்டு மே மாதம், பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் வந்திருக்கிறது என்று தமிழ்நாடு முழுவதும் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. மே 9ஆம் தேதி திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வம் கோயிலுக்கு உறவினர்களுடன் காரில் வந்த 65 வயதுப் பெண்மணி வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். கடத்தல்காரர் என்று நினைத்து ஊரார் கூடி அடித்ததில் அவர் இறந்து போனார். அதே நாளில் பழவேற்காட்டில் ஓர் அப்பாவி மனிதர் அடித்துக் கொல்லப்பட்டார். ஜூலை 1ஆம் தேதி மகாராஷ்டிராவின் துலே மாவட்டத்தில் ஐந்து பேர் இதே சந்தேகத்தில் கொல்லப்பட்டனர்.

அப்போது நாடு முழுவதும் சுற்றிய வீடியோக்களில் ஒன்று, மோட்டார் பைக்கில் வந்த இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்லும் காட்சி. உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வு விளம்பரம். குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, அறிவிப்புப் பலகையைக் காட்டும் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டார்கள். அவ்வளவுதான், விளம்பரம் கடத்தலாகிவிட்டது. இந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

கணக்கு எங்கே கிடைக்கும்?

மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், சுருக்கமாக என்.சி.ஆர்.பி., 'கிரைம் இன் இந்தியா' என்ற அறிக்கையை வெளியிடுகிறது. 1953ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து இந்த வரிசை தொடர்கிறது. அவர்களின் வெப்சைட்டில் பி.டி.எஃப். ஃபைலாக இலவசமாக டவுன்லோட் செய்யலாம்.

நகரங்களுக்கான பகுதியில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள 19 பெருநகரங்கள் மட்டுமே இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து சென்னை, கோயம்புத்தூர் இரண்டுக்குத்தான் இடம். 2011 கணக்கெடுப்பில் 2,24,849 பேர் வாழ்ந்த நாகர்கோவில் அதில் வராது. ஆகவே "இந்தியாவின் ஆபத்தான நகரங்களில் நாகர்கோவில் இத்தனையாவது இடம்" என்று யாராவது என்.சி.ஆர்.பி. பெயரைப் போட்டு அனுப்பினால், எக்செல் திறக்காமலேயே அழித்துவிடலாம்.

பயிற்சி 1: எண்ணிக்கையா, வீதமா?

புதிய எக்செல் ஃபைலைத் திறந்து கொள்ளுங்கள். ஏ1 செல்லில் 'மாநிலம்', பி1 செல்லில் 'கொலை வழக்கு', சி1 செல்லில் 'மக்கள்தொகை லட்சத்தில்', டி1 செல்லில் 'வீதம்' என்று தலைப்பு கொடுங்கள். இனி 2022ஆம் ஆண்டுக் கணக்கை உள்ளிடுவோம்.

இரண்டாம் வரியில் உத்தரப் பிரதேசம், 3491, 2350.
மூன்றாம் வரியில் தமிழ்நாடு, 1690, 770.

மக்கள்தொகை இரண்டும் தோராயமான மதிப்பீடு. இப்போது டி2 செல்லில் கிளிக் செய்து =பி2/சி2 என்பதை ஆங்கில எழுத்துகளில் டைப் செய்து என்டர் கீயை அழுத்துங்கள். பிறகு அந்தச் செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தை மவுஸால் பிடித்துக் கீழே இழுத்து விடுங்கள்.

என்ன வந்தது? உத்தரப் பிரதேசம் 1.5, தமிழ்நாடு 2.2. எண்ணிக்கையில் உத்தரப் பிரதேசம் நம்மைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று பார்த்தால் நாம்தான் அதிகம். "அங்கேதான் கொலை, இங்கே ஒன்றுமில்லை" என்கிறவருக்கும் இந்தக் கணக்கு இனிக்காது. கணக்கு நம் பக்கம் சாயும்போது மட்டும் அதை நம்புவது சரியல்ல.

பயிற்சி 2: காலம் போகப் போக

அடுத்த ஷீட்டுக்குப் போங்கள். இந்தியா முழுவதற்குமான கொலை வழக்குகளை மூன்று வரிகளில் உள்ளிடுங்கள்.

1992, 40105, 8660.
2012, 34434, 12130.
2022, 28522, 13790.

முதல் எண் ஆண்டு, இரண்டாவது வழக்குகள், மூன்றாவது லட்சத்தில் தோராய மக்கள்தொகை. அதே ஃபார்முலாவைப் போட்டால் 4.6, 2.8, 2.1 என்று விடை வரும். முப்பது ஆண்டுகளில் வீதம் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இன்சர்ட் மெனுவில் லைன் சார்ட் தேர்வு செய்தால் கோடு இறங்குவது கண்ணுக்கே தெரியும்.

அப்படியானால் கூடிவிட்டதாக ஏன் தோன்றுகிறது? இதற்கும் கணக்கு இருக்கிறது. குமரி மாவட்ட மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 18,70,374. அதாவது 18.7 லட்சம். மாநிலத்தின் சராசரி வீதமான 2.2ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 41 வரும். இது நம் மாவட்டத்தில் பதிவான எண்ணிக்கை அல்ல, ஒரு கற்பனைக் கணக்குதான். 41 என்றால் ஒன்பது நாளுக்கு ஒன்று. 1992இல் மார்த்தாண்டத்தில் நடந்தது தக்கலைக்காரருக்கு மறுநாள் பேப்பரில் உள்பக்கத்தில் நாலு வரி. இன்று அரை மணி நேரத்தில் படத்தோடு வந்துவிடுகிறது, அதுவும் குடும்பக் குழு, பள்ளிக் குழு, ஊர்க் குழு என்று ஐந்து முறை. சம்பவம் ஒன்று, பார்த்தது ஐந்து. மனம் ஐந்து என்றே கூட்டி வைத்துக் கொள்கிறது.

பெரிய சம்பவங்கள் நினைவில் தங்குவதும் இப்படித்தான். 2020 ஜனவரி 8ஆம் தேதி களியக்காவிளை சோதனைச் சாவடியில் காவல் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நடந்தது உண்மை, கொடுமை. ஆனால் அந்த ஒரு சம்பவத்தை வைத்து எல்லையோர ஊர்களில் வழக்குகள் கூடியதா குறைந்ததா என்று சொல்ல முடியாது. அதற்குப் பல ஆண்டுகளின் கணக்கு வேண்டும்.

பயிற்சி 3: எண்கள் தானாகவே துள்ளும்

"போன மாதம் ஒரு திருட்டு, இந்த மாதம் ஐந்து. ஐந்து மடங்கு!" என்று செய்தி வரும். புதிய ஷீட்டில் ஜனவரி முதல் டிசம்பர் வரை 12 வரிகள் டைப் செய்யுங்கள். ஜனவரிக்குப் பக்கத்துச் செல்லில் சமக்குறி போட்டு, ரேண்ட்பிட்வீன் என்பதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் 0,6 என்று கொடுங்கள். டிசம்பர் வரை இழுத்து விடுங்கள்.

இப்போது எஃப்9 கீயை அழுத்துங்கள். எண்கள் மாறும். மீண்டும் மீண்டும் அழுத்திப் பாருங்கள். ஒரு மாதம் 1, அடுத்த மாதம் 6, அதற்கடுத்து 0 என்று குதிக்கும். நாம் ஃபார்முலாவை மாற்றவே இல்லை. எல்லா மாதத்துக்கும் ஒரே ஆபத்துதான், சராசரி 3தான். சின்ன ஊரின் சின்ன எண்கள் இப்படித்தான் துள்ளும். எனவே ஒரு போலீஸ் ஸ்டேஷன் எல்லைக் கணக்கை மாதத்துக்கு மாதம் ஒப்பிடாதீர்கள். நாலைந்து ஆண்டுகளைச் சேர்த்துப் பாருங்கள்.

எண் சரி, அர்த்தம் தவறு

இந்தியாவில் பதிவான மொத்தக் குற்றங்கள் 2019இல் 51,56,158. 2020இல் 66,01,285. 28 சதவீத உயர்வு. எண்கள் உண்மை. ஆனால் அது கொரோனா ஊரடங்கு ஆண்டு. அரசு உத்தரவை மீறியதற்கான 188ஆவது பிரிவு வழக்குகள் 29,469லிருந்து 6,12,179ஆக ஏறின. மாஸ்க் போடாமல் கடைக்குப் போனவரும் இந்தக் கணக்கில் வந்தார். திருட்டு, வழிப்பறி போன்ற வழக்கமான குற்றங்கள் அந்த ஆண்டு குறைந்தே இருந்தன.

இன்னொன்று, ஆள்கடத்தல். 2022இல் 1,07,588 வழக்குகள். படித்ததும் நெஞ்சு பதறும். காணாமல் போன குழந்தை ஒவ்வொருவருக்கும் எஃப்.ஐ.ஆர். போட வேண்டும், கடத்தல் என்றே முதலில் கருத வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வீட்டில் கோபித்துக் கொண்டு போன பையனும், காதலித்து ஊரை விட்டுப் போன பதினேழு வயதுப் பெண்ணும் இதே தலைப்பில்தான் வருவார்கள். தலைப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுக்காதீர்கள்.

கணக்கில் வராதவை

இதற்காக, பயப்படுகிறவர்கள் எல்லாரும் ஏமாளிகள் என்று நான் சொல்ல வரவில்லை. என்.சி.ஆர்.பி. எண்ணுவது நடந்த குற்றங்களை அல்ல, பதிவான வழக்குகளை. புகார் கொடுத்தவருக்குச் சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் அது இந்தக் கணக்கில் ஏறாது, எஃப்.ஐ.ஆர். ஆனால்தான் ஏறும். ஒரே எஃப்.ஐ.ஆரில் கொலையும் கொள்ளையும் இருந்தால் பெரிய குற்றமான கொலை மட்டுமே எண்ணப்படும். பஸ்ஸில் தொல்லை அனுபவித்த பெண், வீட்டில் அடி வாங்கும் பெண் ஆகியோரில் பலர் ஸ்டேஷன் படியே ஏறுவதில்லை. அவர்களின் பயத்துக்கு எக்செல்லில் வரி இல்லை, ஆனால் காரணம் இருக்கிறது. புகார்களை ஒழுங்காகப் பதிவு செய்யும் ஊரில் குற்ற வீதம் அதிகமாகத் தெரிவதும் உண்டு. கொலையை மறைப்பது கடினம் என்பதால்தான் மேலே இரண்டு பயிற்சிகளுக்கும் கொலைக் கணக்கை எடுத்தேன்.

பயம் எங்கே இருக்க வேண்டும்?

2022இல் தமிழ்நாட்டில் கொலை வழக்குகள் 1,690. அதே ஆண்டு சாலை விபத்தில் இறந்தவர்கள் 17,884. பத்து மடங்குக்கும் மேல். முகம் தெரியாத வடநாட்டுத் தொழிலாளியைக் கண்டு அஞ்சுகிறவர், ஹெல்மெட் இல்லாமல் பார்வதிபுரம் மேம்பாலத்தில் பறக்கிறார்.

ஃபார்வர்ட் செய்வதற்கு முன்

1. வீடியோவை ஒரு காட்சியில் நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். கூகுள் லென்ஸில் கொடுத்துத் தேடினால் பழைய வீடியோ பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்.
2. இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலமுறை கை மாறி வந்த செய்தி. அனுப்பியவர் நேரில் பார்த்தவர் அல்ல.
3. ஊர், தேதி, போலீஸ் ஸ்டேஷன் பெயர் மூன்றும் இல்லாத செய்தியை அங்கேயே நிறுத்துங்கள்.
4. உண்மையிலேயே ஆபத்து என்றால் குழுவில் போடாமல் 112க்கு போன் செய்யுங்கள்.

2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக வீடியோக்கள் பரவின. அப்போது மாநில டி.ஜி.பி.யாக இருந்தவர் நம் குமரி மாவட்டத்துக்காரரான சைலேந்திர பாபு. அவை பொய், வேறு மோதல்களின் காட்சிகள் என்று அவரே விளக்கம் வெளியிட்டார். அதற்குள் பல தொழிலாளர்கள் பயந்துபோயிருந்தார்கள். இந்த முறை பயந்தது மறுபக்கம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுப் பாடம்

இந்தியாவில் பதிவான சைபர் குற்றங்கள்: 2021இல் 52,974. 2022இல் 65,893. 2023இல் 86,420. ஒவ்வோர் ஆண்டும் எத்தனை சதவீதம் கூடியது என்று ஃபார்முலா போட்டுப் பாருங்கள். 24.4, 31.2 என்று வந்தால் உங்கள் ஃபார்முலா சரி. பிறகு இன்னொரு கேள்விக்கும் விடை யோசியுங்கள். கூடியது மோசடியா, புகார் கொடுக்கும் பழக்கமா, இரண்டுமா? யோசிக்கும்போதே வீட்டில் பெரியவர்கள் செல்போனில் 1930 என்ற எண்ணைச் சேமித்துக் கொடுங்கள். ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே அழைக்க வேண்டிய எண் அது.