முதற்காய் விதைக்கே

நாம் அன்றாடம் உண்ணும் சாம்பாரில் பருப்பும் பொரியலில் அவரையும் இடம்பெறுகின்றன. அவை எந்த மண்ணில் விளைந்தன, அவற்றின் விதையை யார் காத்து வைத்தார்கள் என்னும் வினாக்கள் நம் மனத்தில் எழுவதில்லை. விலை கொடுத்து வாங்கியதோடு நம் நன்றியுணர்வும் முடிந்துவிடுகிறது. ஓர் அவரைக் கொடியையேனும் நாமே வளர்த்துச் சமைத்தால் இந்நிலை மாறும். இதற்கு வழிகாட்டும் சான்று ஒன்று ஹைதராபாத்துக்கு அருகிலேயே உள்ளது.

சத்தியப் பயிர்கள்

ஹைதராபாத்திலிருந்து மும்பை செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் ஜஹீராபாத் உள்ளது. அதனை அடுத்த பஸ்தாபூரை மையமாகக் கொண்டு 1983ஆம் ஆண்டில் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி தொடங்கப்பட்டது. அதன் சங்கங்களில் இணைந்தவர்களில் பெரும்பாலோர் ஏழைத் தலித் பெண்கள். மழையை நம்பிய தங்கள் சிறு நிலங்களில் துவரை, பச்சைப்பயறு, உளுந்து, அவரை ஆகியவற்றைச் சோளத்தோடும் சிறுதானியங்களோடும் கலந்து விதைக்கிறார்கள். ஒரு பயிர் பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

குளிர்காலத்தில் கொண்டைக்கடலை போன்ற பயிர்கள் நீர்ப்பாசனமின்றி, மண்ணில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே விளைகின்றன. இவற்றை அப்பெண்கள் தெலுங்கில் ‘சத்யம் பண்டலு’, அதாவது சத்தியப் பயிர்கள் என்று அழைக்கின்றனர்.

அறுவடையில் தேர்ந்த விதைகளை அவர்கள் சாம்பலும் வேப்பிலையும் இட்டுக் கூடைகளில் சேமிக்கின்றனர். விதை இல்லாதவர் கேட்டால் கொடுக்கின்றனர். பெற்றவர் தம் விளைச்சலிலிருந்து கூடுதலாகத் திருப்பித் தருகிறார். வறுமை வாட்டும் நாட்களில் உண்ணத்தக்க தானியம் வீட்டிலேயே இருந்தும் அதைத் தொடாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய தவம்! இப்பெண்களின் பணிக்கு 2019ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது கிடைத்தது.

அதே நெடுஞ்சாலையில் உள்ள பட்டான்செருவில், 1972இல் நிறுவப்பட்ட இக்ரிசாட் என்னும் பன்னாட்டு ஆய்வு நிறுவனம் துவரை, கொண்டைக்கடலை முதலியவற்றின் விதைகளைக் குளிரறைகளில் பாதுகாக்கிறது. அங்கே விதை உறங்கிக் காக்கப்படுகிறது. இப்பெண்களின் நிலங்களிலோ ஆண்டுதோறும் விழித்துக் காக்கப்படுகிறது. இரண்டுமே தேவை.

வளர்க்கும் முறை

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது முன்னோர் மொழி. நாட்டு அவரை, பகற்பொழுது குறையும் காலத்தில்தான் பூக்கும். ஆகவே ஆடியில் விதைத்தால் கார்த்திகை முதல் தை வரை காய்க்கும். சித்திரையில் விதைத்துவிட்டு இலை மட்டுமே வருகிறதே என்று வருந்துவதில் பயனில்லை. நல்ல வெயில் படும் மாடியில், அடியில் துளையிட்ட ஆழமான தொட்டி ஒன்றில் இரண்டு மூன்று விதைகளை ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றிப் பந்தல் அமைத்தால் போதும்.

அவரையின் வேரில் சிறு முடிச்சுகள் இருக்கும். அவற்றில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக மாற்றித் தருகின்றன. முடிச்சைப் பிளந்தால் உள்ளே செந்நிறம் தெரிவது அவ்வேலை நடப்பதன் அடையாளம். எனவே உரத்தை அளவோடு இடவேண்டும். காய்ப்பு முடிந்ததும் கொடியைப் பிடுங்காமல் அடியில் வெட்டி, வேரை மண்ணிலேயே மட்க விடலாம். அசுவினி தாக்கினால் பாதித்த நுனிகளைக் கிள்ளிவிட்டு, சோப்புக் கரைசலில் கலந்த வேப்பெண்ணெயைத் தெளிக்கலாம்.

சமைக்கும் முறை

இளங்காயை நார் உரித்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்துச் சேர்த்துச் சமைப்பது ஆந்திர வழக்கம். தேங்காய்த் துருவலோடு பொரியல் செய்வது நம் வழக்கம். உலர்ந்த மொச்சையை இரவு முழுதும் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டு, புதுநீரில் நன்கு வேகவைத்து அந்நீரையும் வடித்துவிட வேண்டும். பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணலாகாது. புளியை முன்னரே சேர்த்தால் பருப்பு மென்மையாகாது. வெந்தபின் சேர்ப்பதே முறை.

இழந்து கற்ற பாடம்

ஹைதராபாத்தில் நாங்கள் வாடகை வீட்டில் இருந்தபோது, அண்டை வீட்டு மூதாட்டி தம் பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த அவரை விதைகளில் சில தந்தார். கொடி செழித்துக் காய்த்தது. மகிழ்ந்து பறித்தோம், கடைசிக் காய் வரை உண்டோம். மறு ஆண்டு ஆடியில் அவர் வந்து, தம் வீட்டுக் கொடி மழையில் அழுகிவிட்டது என்றும் நான்கு விதை வேண்டும் என்றும் கேட்டார். எங்களிடம் ஒன்றுகூட இல்லை. அவர் கடிந்துகொள்ளவில்லை, “போகட்டும்” என்று சொல்லித் திரும்பினார். அந்த அவரையை அதன்பின் எங்கள் தெருவில் காணவில்லை. பசித்த வீட்டில் தீண்டாமல் காக்கப்படும் விதைக்கூடையைப் பற்றிப் பின்னர் அறிந்தபோது, பசியின்றியே உண்டு தீர்த்த எங்கள் செயல் உள்ளத்தைச் சுட்டது.

பெற்றதை எல்லாம் நுகர்ந்துவிடுவது எளிது. வரப்போகிறவருக்கென ஒரு பங்கைத் தொடாமல் வைப்பதே புலனடக்கத்தின் முதற்பாடம். ஆகவே அன்பர்கள் இவ்வாண்டு அவரை விதைத்தால், நோயற்ற கொடியின் முதல் நல்ல கொத்தில் ஒரு நூலைக் கட்டுங்கள். அது கொடியிலேயே முற்றி உலரட்டும். பின்னர் நிழலில் காயவைத்துச் சாம்பலில் புரட்டி வையுங்கள். அதில் பாதி அடுத்த ஆடிக்கு; மறுபாதி, கேட்டு வருபவருக்கு.