ஆசிரியர்க்குப் படித்த திருவாசகம்

தகடூர் என்பது தருமபுரியின் பழம்பெயர். அங்கிருந்து ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, உண்டார்க்கு நெடிய வாழ்நாளைத் தரும் என்று கருதப்பட்ட அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையார்க்கு ஈந்தான். அன்புடையார் நீடு வாழ்தல் வேண்டும் என்று விழைவது மக்களின் இயல்பு. ஆயினும், அத்தகைய கனி எல்லார்க்கும் கிட்டுவதன்று. அன்புடையார் நோயுற்றுக் கிடக்குங்கால் உடனிருந்து பணிசெய்தலும், அவர் விரும்பும் நூலைப் படித்துக் காட்டுதலும் யாவர்க்கும் இயல்வன. அவ்வாறு படித்தவர்களுள் ஒருவர், அதியமானைப் பற்றிய பாடல்கள் அடங்கிய புறநானூற்றை 1894-இல் அச்சிட்டு வெளிப்படுத்திய டாக்டர் உ. வே. சாமிநாதையர்.

1855-இல் பிறந்த ஐயர், 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்து மாணாக்கரானார். பிள்ளை பொருள் கருதாது கல்வி அளித்தவர். மாணாக்கரைத் தம் மக்களைப்போலப் பேணியவர். அக்காலத்தில் மாணாக்கர் சுவடியைப் படிக்க, ஆசிரியர் பொருள் உரைப்பார். இதனைப் 'பாடங் கேட்டல்' என்பர். ஐயரும் ஏறக்குறைய ஐந்தாண்டுகள் இங்ஙனம் பல நூல்களைப் பாடங் கேட்டார். அப்போது அவர் படித்தது தம் அறிவு வளர்தற்பொருட்டு.

1876-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், திருவாவடுதுறையில் பிள்ளையின் நோய் முதிர்ந்தது. எத்துணையோ செய்யுட்களைத் தடையின்றிப் பாடிய நா தளர்ந்தது. மாணாக்கர் அகலாது உடனிருந்தனர். அவர்களுள் சவேரிநாத பிள்ளை என்பார் கிறித்தவர். இறுதி வேளையில் அவர் ஆசிரியரைத் தம் மார்பிற் சார்த்தித் தாங்கிக்கொண்டார். திருவாசகத்தில் அடைக்கலப்பத்தைப் படிக்குமாறு ஆசிரியர் குறிப்பித்தார். இறைவனிடம் புகல் வேண்டும் பத்துப் பாடல்கள் அவை. ஐயர் அவற்றைப் படித்தார். பொருள் உரைப்பார் இல்லை. ஐயம் வினவுதற்கும் இடமில்லை. பிப்ரவரி 1-ஆம் நாள் பிள்ளை மறைந்தார். அவர்க்கு அப்போது வயது அறுபது, ஐயர்க்கோ இருபது.

ஆசிரியரைத் தாங்கியவர் ஒரு சமயத்தார்; படித்தவர் வேறொரு சமயத்தார். ஆசிரியர்பால் கொண்ட அன்பு இருவரையும் ஒருங்கே நிறுத்தியது. அன்று ஐயர் படித்தது தாம் கற்பதற்கன்று; கற்பித்தவர் நெஞ்சம் அமைதியுறுதற்கே. நோயாளி வேண்டுவதனை, வேண்டும் அளவில், அவர் செவிக்கு இனிதாகப் படித்தல் ஒரு தொண்டு. தம் விருப்பத்தையும் துயரத்தையும் அடக்கிக்கொள்பவர்க்கே அது கைகூடும்.

இழந்த ஆசிரியரை ஐயர் மறந்தாரல்லர். தம் முதுமையில், 1933, 1934-ஆம் ஆண்டுகளில், அவர் வரலாற்றை இரண்டு பாகங்களாக எழுதி வெளியிட்டார். நெல்லிக்கனி வாழ்நாளை நீட்டும் என்பர். பிள்ளையின் புகழுடம்பை நீட்டித்தது மாணாக்கரின் எழுதுகோல். கற்ற கல்வியைப் பிறர் துன்பத்திற்குத் துணையாக்குதலே கல்வியின் பயன் என்பதை மாணவர்கள் உளங்கொள்வார்களாக.